வெல்டிங் பூத்தையும் இணையத்தில் முன்பதிவு செய்யட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய வணிகத்தின் வழிமுறைகளைத் தொழிற்கல்விக்கும் கொண்டுவந்தால் கிராமத்துப் பிள்ளைகள் குறைந்த செலவில் தொழில் கற்கலாம் என்று வாதிட்ட கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். அரசு ஐ.டி.ஐ. ஒன்றில் வெல்டர் பிரிவுப் பயிற்றுநராக 27 ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் அக்கருத்தை வரவேற்கிறேன். ஆனால், மாணவர் எதற்குப் பணம் கட்டுகிறார், எப்போது கட்டுகிறார் என்பதைக் கட்டுரையாளர் தொடாமல் விட்டது பெருங்குறை.

வெல்டர் பிரிவின் ஓராண்டுப் பாடத்திட்டத்தில் உள்ள 1,200 மணி நேரத்தில் 840 மணி நேரம் பணிமனைச் செய்முறைக்கு உரியது. உருகி இணைப்பைத் தரும் கம்பியான வெல்டிங் ராடுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி சரியாக இருந்தால் எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல் ஒரே சீராகச் சத்தம் வரும்; இடைவெளி கூடினால் சத்தம் சிதறித் தீப்பொறி தெறிக்கும், குறைந்தால் ராடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும். முகக்கவசத்துக்குள் கண் பார்ப்பதைவிடக் காது கேட்பதை வைத்தே கை தன்னைத் திருத்திக்கொள்ளும் அந்தப் பழக்கம், பயிற்றுநர் பின்னால் நின்று மணிக்கட்டைப் பிடித்து இறக்கிக் காட்டினால்தான் வரும். கைபேசியில் தரக்கூடியவை பாடக்கருத்து, பாதுகாப்பு விதிகள், வரைபடம் படித்தல் போன்றவை மட்டுமே.

அவற்றை ஒருமுறை பதிவு செய்துவிட்டால் அடுத்து வரும் ஆயிரம் பேருக்கும் கூடுதல் செலவு பெரிதாக இல்லை என்பதால், அதற்குப் பெருங்கட்டணம் வாங்க நியாயமே கிடையாது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிக் கல்வித் திட்டத்தில் பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதுகிறார்கள். சென்னை கிண்டியில் இயங்கும் நிமி நிறுவனம் தயாரிக்கும் ஐ.டி.ஐ. பாடநூல்களும் பாரத் ஸ்கில்ஸ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மாணவர் தேறினாலும் தேறாவிட்டாலும் சேர்க்கைக்கே நிறுவனத்துக்குப் பணம் என்ற முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. அங்கே தொழிற்கல்வி மாணவர்களுக்கான அரசுக் கடன் திட்டத்தில் 2009இல் 2 கோடியே 60 லட்சம் டாலராக இருந்த கடன், 2015இல் 290 கோடி டாலராக வீங்கியது. தரகர்கள் வீடு வீடாகச் சென்று, மடிக்கணினி இலவசம் என்று ஆசைகாட்டி, படிப்பை முடிக்க வாய்ப்பே இல்லாதவர்களையும் இணையவழி வகுப்புகளில் சேர்த்துவிட்டார்கள். 2016 இறுதியில் அத்திட்டத்தையே மூட வேண்டியதாயிற்று.

எங்கள் தெருவிலேயே ஒரு பையன், மாதத் தவணையில் பணம் கட்டி, கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. இயந்திரப் படிப்பை முழுக்கக் கைபேசியில் முடித்தான். சான்றிதழும் வந்தது. கோவையில் ஒரு பட்டறையில் வேலை கேட்டுப் போனபோது நுண்ணிய அளவுகளை அளக்கும் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து ஒரு தண்டின் விட்டத்தை அளந்து சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அதை அவன் அன்றுதான் முதன்முதலாகத் தொட்டான். வேலையில்லாமல் திரும்பி வந்தவனுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி. அவன் தாயார் என்னிடம் அதைச் சொல்லி அழுதபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

இணைய வணிகத்திடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது முன்பதிவு முறையை. நான் பணியாற்றிய நிலையத்தில் மாலை ஐந்து மணிக்குப் பணிமனை பூட்டப்படும். விலையுயர்ந்த இயந்திரங்கள் மறுநாள் காலைவரை சும்மா கிடக்கும். பேருந்தில் இருக்கை பிடிப்பதுபோல், பாடத்தை வீட்டில் படித்த மாணவர் தம் ஊருக்கு அருகிலுள்ள ஐ.டி.ஐ.யில் ஒரு வெல்டிங் பூத்தை, அதாவது ஒருவர் நின்று வெல்டிங் செய்யும் தடுப்பறையை, இரண்டு மணி நேரத்துக்குப் பதிவு செய்யட்டும். ராடு, தகடு, பயிற்றுநர் ஆகியவற்றுக்கான செலவை மட்டும் கட்டட்டும். தனியார் நிறுவனங்கள் நடத்தினால், கட்டணத்தில் பாதியையாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஒருவர் முன்னிலையில் மாணவர் செய்முறைத் தேர்வில் தேறிய பிறகே அவை பெற வேண்டும் என்று அரசு விதி வகுக்க வேண்டும்.

அப்படியொரு ஏற்பாடு வருமானால், வாரத்தில் இரண்டு மாலைகள் ஊதியமின்றி வந்து கற்றுத்தர நான் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்,
ஈரோடு.