பழைய மைக் அலங்காரப் பொருள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

திருமண வரவேற்பு மேடைகளில் பழைய காலத்து மைக் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பற்றி உங்கள் நாளிதழில் படித்தேன். அந்த மைக்கை 'அலங்காரப் பொருள்' என்று எழுதியிருந்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. தூத்துக்குடியில் 27 ஆண்டுகளாக சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். என்னிடம் இருக்கும், அமெரிக்க ஷூர் நிறுவனத்தின் 55 எஸ்எச் மைக் இன்றும் கச்சேரியில் பாடுகிற மைக்.

அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் மைக் என்றால் பலருக்குத் தெரியும். 1993இல் அமெரிக்கா வெளியிட்ட அவருடைய தபால்தலையில்கூட இந்த ரக மைக்தான். இதன் மூத்த வடிவம் 1939இல் சிகாகோவில் வந்தது. முன்பக்கக் குரலை மட்டும் வாங்க அதுவரை ஒரே மைக்குக்குள் இரண்டு உறுப்புகள் தேவைப்பட்டன. ஒன்றே போதும் என்று செய்துகாட்டியவர் பெஞ்சமின் பாயர் என்ற பொறியாளர். பின்பக்க இடுக்குகள் வழியாகவும் ஒலியை உள்ளே விட்டு, பின்னாலிருந்து வரும் சத்தத்தை அந்த ஒலியாலேயே அடக்கிவிட்டார். அதனால்தான் மணமக்கள் படத்துக்காக மைக்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு பாடும்போது ஸ்பீக்கர் 'ஊய்ங்' என்று கூவுகிறது. இடுக்கை அடைத்தால் மைக் நாலா பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும், ஸ்பீக்கர் சத்தமே திரும்ப மைக்குக்குள் போகும். திட்டு மட்டும் எனக்கு வரும்.

மேடை ஏறுகிறவர்கள் முதலில் செய்வது, தட்டிப் பார்ப்பது. அப்புறம் 'பூ, பூ' என்று ஊதுவது. இந்த மாதிரி மைக்கை டைனமிக் மைக் என்போம். முரட்டு ரகம்தான், ஒரு தட்டில் உடைந்துவிடாது. ஆனால் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தகடும், அதோடு ஒட்டிய முடி போன்ற செம்புக் கம்பிச் சுருளும், பக்கத்தில் காந்தமும்தான் இருக்கின்றன. ஊதினால் எச்சில் ஈரம் அங்கேதான் போகிறது. தட்டுகிற சத்தம் பெரிதாகி ஸ்பீக்கர் யூனிட்டையும் அடிக்கிறது.

வாயை மைக்கில் ஒட்டவும் வேண்டாம். நாலு விரற்கடை தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நின்றால் 'பெரியோர்களே' என்று தொடங்கும்போது அந்த 'பெ' வெடிக்காது. ரொம்ப நெருங்கினால் அடிக்குரல் பெருத்து, சொல் தெளிவாகக் கேட்காது.

பராமரிப்பில் நான் பட்டதைச் சொல்கிறேன். கொரோனா நேரத்தில் ஒரு மண்டபத்தில் யாரோ சானிடைசரை நேராக மைக்குக்குள் அடித்துவிட்டார்கள். உள்ளே இருந்த ஃபோம் ஊறி, பாடகியின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல வந்தது. முன்மூடியைக் கழற்றி ஃபோமை மாற்றிய பிறகுதான் சரியானது. இன்னொரு முறை, என்னிடம் வேலைக்கு இருந்த பையன் குத்துவிளக்கு துலக்குவது போல விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டான். இடுக்கு முழுக்க விபூதி! பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுக்க ஒரு மாலை முழுக்கப் போனது. ஆசையாகச் செய்தவனை எப்படித் திட்ட? மெல்லிய துணியை லேசாக நனைத்துத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு குரோம் பூச்சு புள்ளி புள்ளியாக அரித்துவிடும். அதனால் நிகழ்ச்சி முடிந்த இரவே துடைத்து, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டை உடன் போட்டுப் பெட்டியில் வைத்துவிடுவேன். இரும்புத்தூள் இருக்கும் மேசைப் பக்கமே கொண்டுபோவதில்லை. காந்தம் இழுத்துக்கொண்டால் தூளை வெளியே எடுப்பது பெரும்பாடு.

மண்டபத்தார், தொகுப்பாளர்கள், மாப்பிள்ளையின் நண்பர்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க 'வணக்கம்' என்று சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் என்னைப் பார்த்துக் கை காட்டுங்கள், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர் ஒருவர்,
தூத்துக்குடி