கூடத்தைத் திறந்துவிடுங்கள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். டிசம்பர் கடைசி ஞாயிறன்று எங்கள் வாசகர் வட்டம் கூடவிருந்த மாடிக் கூடம் பூட்டிக் கிடந்தது உங்களுக்கே தெரியும். பேசப்போகும் நூல்களின் பட்டியல் கேட்டுக் கடிதம் அனுப்பியவர்களும் நீங்கள்தான், கூடத்தின் சாவியை வாங்கி வைக்கச் சொன்னவர்களும் நீங்கள்தான். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஆண்டுக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம், அந்தக் கூடத்தை வாசகர் வட்டத்துக்குத் திறந்துவிடுங்கள். பட்டியல் கேட்காமல் திறந்துவிடுங்கள்.

ஆண்டுக் கடைசியில் நாங்கள் அங்கே கூடுவது எதற்கென்றும் உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் படித்ததில் ரொம்பப் பிடித்த ஒரு புத்தகத்தைப் பற்றி ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுவோம். சிறப்பு விருந்தினர் கிடையாது, பொன்னாடை கிடையாது, மைக்கும் கிடையாது. டீயும் வடையும் எங்கள் காசு. பேசுகிறவர்களில் ஒரு முன்னாள் கம்பவுண்டர் உண்டு, தையல்காரர் உண்டு, கல்லூரிப் பிள்ளைகள் உண்டு, உப்பளத்தில் வேலை பார்த்த ஓர் அக்காவும் உண்டு. சிலர் ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர் ஆனவர்கள். அவர்கள் பெயர் உங்கள் நூலகச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. அந்தச் சுவருக்குள்தான் அவர்களை விடமாட்டேன் என்கிறீர்கள்.

பேசப்போகும் நூல்களின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பக்கம், விலை எல்லாவற்றையும் எழுதி முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும் என்று இந்த முறை உத்தரவு வந்தது. விலை எதற்கு என்று இன்றுவரை புரியவில்லை. இருந்தாலும் எழுதிக் கொடுத்தோம். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது, பரிசீலனை முடியவில்லை. இன்னும் முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யார், எதைத் தேடுகிறார்கள்?

அதில் இருந்தது என்னவென்று பாருங்கள். முதல் பெயர் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். அவர் நூல்களைத் தமிழக அரசு 2009இல் நாட்டுடைமையாக்கியது, அதுவும் அவர் உயிரோடு இருக்கும்போதே. இந்த நாட்டுக்கே சொத்து என்று அரசு அறிவித்த புத்தகத்தைப் பற்றி அரசு நூலகத்தில் பேசலாமா என்று அதே அரசின் அலுவலகம் ஒன்று யோசித்துக்கொண்டிருக்கிறது. அடுத்தது ‘ஆரோக்கிய நிகேதனம்’. தாராசங்கர் பந்தோபாத்யாய எழுதிய வங்காள நாவல், த.நா. குமாரசாமியின் தமிழாக்கம். மூலத்துக்குச் சாகித்திய அகாதெமி விருது கொடுத்தே எழுபது ஆண்டு ஆகப்போகிறது. மூன்றாவது உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’. அந்தப் பெரியவர் சென்னை மாநிலக் கல்லூரி வாசலில் கடற்கரையைப் பார்த்தபடி சிலையாக நிற்கிறார். அவருக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கி இணைக்க வேண்டுமா? சொல்லுங்கள், அதற்கும் மனுப் போடுகிறோம்.

உப்பளத்து அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. 90களில் அறிவொளி இயக்கத்தினர் தெருவில் வந்து வகுப்பு எடுத்தபோது எழுத்துக் கற்றுக்கொண்டவர். வெயிலில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் பாத்திகளையே பார்த்துப் பார்த்து அவர் கண்ணுக்குக் கூச்சம் நிரந்தரமாகிவிட்டது. அதனால் பகலில் படிக்க முடியாது. ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில், வரிக்குக் கீழே விரலை வைத்து, வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் படிப்பார். ‘கரிப்பு மணிகள்’ படித்து முடிக்க அவருக்குப் பங்குனி தொடங்கி ஆடி வரை ஆயிற்று. இத்தனை வருடமும் கூட்டத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனவர், இந்த வருடம் “நானும் பேசறேன்” என்றார். மகள் வயிற்றுப் பேத்தியை உட்காரவைத்து, பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

கூடம் பூட்டியிருந்ததால் எதிரில் இருக்கும் டீக்கடை பெஞ்சுகளில் உட்கார்ந்தோம். பஸ் திரும்புகிற இடம் அது. அக்கா எழுந்து நின்று, “இந்தப் புத்தகத்துல வர்றவங்க எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்க” என்றார். ஒரு பஸ் ஹாரன் அடித்தது. போகட்டும் என்று நின்றார். “உப்புத் தண்ணியில நின்னு நின்னு கால்ல புண்ணு ஆறாது, அதை இந்த அம்மா எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு தெரியல” என்று தொடங்கினார். அடுத்த பஸ். கடைக்காரர் பாய்லரைத் தட்டினார், யாரோ பார்சல் டீ கேட்டார்கள். ரோட்டில் போகிற தெரிந்தவர் ஒருவர், “என்னக்கா, ஓட்டுக் கேக்கறீங்களா?” என்று சிரித்துவிட்டுப் போனார். அதோடு அக்கா உட்கார்ந்துவிட்டார். “அப்புறம் சொல்றேன், தம்பி.”

அவர் எங்கள்மேல் கோபப்படவில்லை, உங்கள்மேலும் கோபப்படவில்லை. கூடத்தில் நின்று பேச நமக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம்.

புத்தகப் பகிர்வுதானே, வாட்ஸாப் குழுவிலேயே செய்துகொள்ளலாமே என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எங்களிடமும் ஒரு குழு இருக்கிறது. அட்டைப்படம் போட்டால் பதினைந்து கட்டைவிரல் வரும், அதற்குமேல் ஒரு “வாழ்க வளமுடன்”. நேரில் அப்படி இல்லை. “கடைசியில அந்த ஆளு என்ன ஆனான்?” என்று ஒருவர் கேட்பார். “அதைச் சொன்னா நீங்க படிக்கமாட்டீங்க” என்று பேசியவர் சொல்வார். கூட்டம் கலைவதற்குள் அந்தப் பிரதி யாரோ ஒருவர் பைக்குள் போயிருக்கும்.

நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் நூலகத்து ‘ஆரோக்கிய நிகேதனம்’ பிரதியை எடுத்துப் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். தேதிச்சீட்டு ஒட்டியிருக்கும். மேலே மங்கிப்போன இரண்டு மூன்று முத்திரைகள், அதற்குப் பின் பல ஆண்டுகளுக்கு ஒன்றுமே இல்லை. ஒருவரும் தொடவில்லை. நாடி பிடித்தே சாவு வரும் நேரத்தைச் சொல்லிவிடும் கிராமத்து வைத்தியரின் கதை அது. வாழ்நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்த எங்கள் கம்பவுண்டர் அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினார். அன்றைக்குப் பத்து நிமிடக் கணக்கை யாரும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் சீட்டில் முத்திரை மேல் முத்திரை. இடம் போதாமல் நூலகர் புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறார். இந்த வருடப் பட்டியலில் அதே புத்தகம் மறுபடி வந்ததும் அதனால்தான். கம்பவுண்டரிடமிருந்து வாங்கிப் போன தையல்காரர் பேசுவதாக இருந்தது.

‘ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர்’ என்பது நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. உங்கள் அலுவலகத்தில் அவர் படம் மாட்டியிருக்கிறது, ஆகஸ்ட் 12 அன்று மாலையும் போடுகிறீர்கள். சீர்காழியில் பிறந்த அந்த மனிதர் விதி எழுதியதோடு நிற்கவில்லை, நூலகங்களுக்குச் சட்டமும் வேண்டும் என்று விடாமல் அலைந்தார். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக. அதன்படிதான் இன்றைக்கும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரி கட்டுகிறோம். அக்காவின் இரண்டு அறை வீட்டுக்கும் அந்த வரி உண்டு. ரசீதில் தனி வரியாகவே அச்சாகி வருகிறது. அதை வசூலிக்கும்போது யாரும் பட்டியல் கேட்பதில்லை, பரிசீலனையும் இல்லை.

வரிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். புதுப் புத்தகம் வந்து எத்தனை காலம் ஆயிற்று? வந்ததும் என்ன? போட்டித் தேர்வுக் கையேடுகள், அதிலும் பழைய பாடத்திட்டத்துக்கானவை. பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. மழை பெய்தால் வரலாற்று அலமாரிக்கு மேலே பாலித்தீன் விரிக்க வேண்டியிருக்கிறது. நூலகர் பக்கத்து ஊர் நூலகத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். அவர் இங்கே இருந்தால் அங்கே பூட்டு, அங்கே இருந்தால் இங்கே பூட்டு. அவர்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. சாவி விஷயத்தில் எங்கள் முகத்தைப் பார்க்கவே அவர் சங்கடப்பட்டார். ஊருக்கு ஊர் கண்ணாடி மாளிகை கட்டித் திறப்புவிழா நடத்துகிற காலம் இது. நடக்கட்டும், நல்லதுதான், பிள்ளைகள் போய்ப் படிக்கிறார்கள். எங்களுக்கு ஒரு தாழ்ப்பாளும் ஒரு சாவியும் போதும்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். தாழ்ப்பாளுக்குத் தனியாக மனு எழுதுகிறோம். இந்த மடல் கூடத்துக்காக மட்டும்.

என்ன படித்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்பது அப்படியொன்றும் அற்பக் காரியம் இல்லை. ‘என் சரித்திரம்’ பற்றிப் பேசவிருந்த கல்லூரி மாணவர் இதைத்தான் சொல்ல வந்திருந்தார். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க உ.வே.சா. போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். அவர் அசரவில்லை. சரி, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் படித்ததில்லை, ஏடுகூடக் கிடைத்ததில்லை. அந்த ஒரு கேள்வியில் தொடங்கிய தேடலில்தான் 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று வரிசையாக வந்தன. எங்கள் வட்டத்தில் உ.வே.சா. யாரும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் முதலியார் கேட்ட கேள்வியை முதலில் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கச் சொல்லியிருந்தால் அந்தச் சந்திப்பே நடந்திருக்காது. அதிலும் முன்சீப் ஓர் அரசு அதிகாரி.

உங்கள் கவலை என்னவென்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. இவர்களுக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்பது ஒன்று. கேட்கட்டுமே. நூலகக் கூடத்தைப் புத்தகம் பேசக் கேட்டு நாலு பேர் வரிசையில் நின்றால் அது உங்களுக்குத்தானே பெருமை? அரசியல் பேசிவிடுவார்கள் என்பது இன்னொன்று. உப்பளக் கூலியைப் பற்றிய நாவலைப் பேசும்போது கூலியைப் பற்றிப் பேச்சு வரத்தான் செய்யும். அந்த நாவலை வாங்கி அலமாரியில் வைத்ததே நீங்கள்தான். படிக்கலாம், பேசக் கூடாது என்றால் அதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஆகவே பணிவோடு மறுபடி கேட்டுக்கொள்கிறோம். வரும் டிசம்பர் வரை எங்களைக் காத்திருக்க வைக்காதீர்கள். விட்டுப்போன கூட்டத்தை இந்தப் பிப்ரவரியில் ஏதாவது ஒரு ஞாயிறு, மாலை 4 மணி முதல் 6 மணி வரை, மாடிக் கூடத்தில் நடத்த அனுமதி கொடுங்கள். இனி ஆண்டுதோறும் டிசம்பர் கடைசி ஞாயிறன்று அதே இரண்டு மணி நேரம் வாசகர் வட்டத்துக்கு என்று ஒரு நிரந்தர உத்தரவு போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் தாள் மிச்சம். கூடத்தைப் பெருக்கித் தருகிறோம். நாற்காலியை நாங்களே எடுத்துப் போட்டு நாங்களே அடுக்குகிறோம். மின்விசிறி ஓடாதது தெரியும், அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டோம். உங்களில் யாராவது வந்து உட்கார்ந்தால் மகிழ்ச்சி. வருகிறவர்களும் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பட்டியல் தர வேண்டாம்.

பதில் எழுத்தில் வந்தால் நல்லது. வாய்மொழியாக நூலகரிடம் சொல்லி, அந்த அம்மாவை நடுவில் நிறுத்த வேண்டாம். நாள் முடிவானால் அக்காவிடம் நான் ஒரு வாரம் முன்னாலேயே சொல்ல வேண்டும். முதல் ஆளாக அவரைப் பேச வைப்பதாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர் வட்டத்தினர் சார்பில்,
உறுப்பினர் ஒருவர்