ஆண்டறிக்கை: வினையூக்கியைச் சுற்றியே ஓடிய ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன, புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறார்கள், வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நூலகப் புத்தகங்களை எடுத்துப் போய்த் திருப்பித் தராதவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லப் போவதில்லை.

சரி, இந்த ஆண்டின் தொடர் உரைக்கு வருகிறேன். வினையூக்கம் (வேதிவினையை விரைவாக்குவது; அதைச் செய்யும் பொருள்தான் வினையூக்கி), உயிரி எரிபொருள், மக்கும் பாலிமர் (பிளாஸ்டிக் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறு) மூன்றிலும் ஆய்வு செய்துவரும் நம் உறுப்பினரான வேதியியல் பேராசிரியர் பேசினார். ஒரே ஆள் எப்படி மூன்று துறைகளில் கால் வைக்கிறார் என்று சிலர் கேட்டார்கள். எண்ணெயை டீசலாக்குவதும் லாக்டிக் அமிலத்திலிருந்து கிடைக்கும் லாக்டைடைப் பிளாஸ்டிக் ஆக்குவதும் அடிப்படையில் எஸ்டர் பிணைப்பை, அதாவது அமிலமும் ஆல்கஹாலும் சேரும்போது உருவாகும் பிணைப்பைப் பிரித்து வேறு விதமாகக் கட்டுகிற வேலைதான், அது எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு சுத்தமாக நடக்கும் என்பது வினையூக்கியின் கையில் இருக்கிறது என்றார் அவர். அதன் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அதிகம் பேசப்பட்டது பயோடீசல் செய்முறை. புது எண்ணெயோடு மெத்தனாலும் வினையூக்கியாகக் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் கலக்கிக்கொண்டே இருந்தார் (மெத்தனால் 65 டிகிரிக்குக் கொஞ்சம் முன்பே கொதித்துவிடும், அதனால் அதற்கு மேல் போகக் கூடாது). கலக்குவதை நிறுத்திச் சற்று நேரம் விட்டதும் மேலே வெளிர் மஞ்சளில் பயோடீசல், அடியில் பழுப்பாகக் கிளிசரால் என்று இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றது. அப்புறம் அதையே பலமுறை பொரித்த எண்ணெயில் செய்தார்; பிரியவே இல்லை, கொழகொழவென்று சோப்பாகிவிட்டது! பழைய எண்ணெயில் தனித்த கொழுப்பு அமிலங்கள் சேர்ந்திருக்கும், காஸ்டிக் சோடா எண்ணெயைக் கவனிக்காமல் முதலில் அவற்றோடு போய்ச் சேரும், ஆகவே அமில வினையூக்கியைக் கொண்டு அவற்றை முதலில் எஸ்டராக்கிவிட வேண்டும். கால்சியம் ஆக்சைடு போன்ற திட வினையூக்கி என்றால் வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம், கழுவும் தண்ணீரும் மிச்சம். ஆனால் அதிலும் கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். அந்தக் கசிவை எப்படிக் குறைப்பது என்பதில்தான் அவருடைய ஆய்வு நாட்களில் பாதி போகிறதாம். இன்னொன்று, வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். மெத்தனால் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கக்கூடியது.

எண்ணெயின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கிளிசராலாக மிஞ்சுகிறது. அதைத் தின்று உடலுக்குள் பாலிமராகச் சேமித்துவைக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. பிஎச்பி என்ற அந்த மக்கும் பாலிமரைப் பிரெஞ்சு ஆய்வாளர் மாரிஸ் லெமுவான் 1926லேயே கண்டறிந்துவிட்டார் என்பது எனக்குப் புதுச் செய்தி.

பாலிமர் உரையில்தான் சண்டை வந்தது. சென்ற ஆண்டு விழாவுக்கு வாங்கிய 'மக்கும்' குவளைகள் நம் உரக்குழியில் அப்படியே கிடக்கின்றன, விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று பலரும் கொதித்தார்கள். அவை பிஎல்ஏ குவளைகள், அதாவது முன்பு சொன்ன லாக்டைடிலிருந்து செய்யும் பிளாஸ்டிக். 60 டிகிரியை ஒட்டிய சூட்டில், ஈரத்தோடு இயங்கும் தொழிற்சாலை உரக்கூடத்தில் மாதக்கணக்கில் மக்கிவிடும், சாதாரணக் குழியில் அந்தச் சூடு வராது, கடலில் போட்டால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஐரோப்பியத் தரமான இஎன் 13432 கேட்பதும் உரக்கூட நிலைமையில் 6 மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைவதைத்தான். செடியிலிருந்து வந்தால் மக்கும் என்பதும் சரியில்லை: கரும்பு எத்தனாலில் செய்த பாலித்தீன் மக்காது, பெட்ரோலியத்தில் செய்யும் பிபிஏடி என்ற பிளாஸ்டிக் மக்கும். என்னைக் கேட்டால், விற்றவர் பொய் சொல்லவில்லை, எங்கே எத்தனை நாளில் என்பதைச் சொல்லாமல் விட்டார், அதுவும் தப்புதான். இனி கழுவிப் பயன்படுத்தும் டம்ளர்களே போதும் என்று ஏகமனதாக முடிவாகிவிட்டது. யார் கழுவுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

வரும் ஆண்டில் உயிரினங்களின் வினையூக்கிகளான நொதிகளை எடுத்துக்கொள்கிறோம். நொதிகளை ஆய்வகத்திலேயே பரிணாமம் அடையச் செய்ததற்காக 2018 வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்ற ஃபிரான்சஸ் அர்னால்டின் வேலையிலிருந்து தொடங்கலாம் என்று செயற்குழு நினைக்கிறது. பேச விரும்புகிறவர்கள் அடுத்த கூட்டத்துக்குள் சொல்லிவிடுங்கள். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்