சேத்துப்பட்டு தந்த விடை

ஆசிரியருக்கு,

மருந்துப் பரிசோதனை என்றாலே நம் நினைவு வெளிநாட்டுக்குப் பறந்துவிடுகிறது. காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில், அதாவது தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனையில், வைத்திருந்தால்தான் குணமாகும் என்று மருத்துவர்கள் பரவலாக நம்பிய காலத்தில், அதைச் சோதித்துப் பார்த்தது சென்னை.

1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. பாதிப்பேருக்குச் சானடோரியம், மீதிப்பேருக்கு வீடு. இரு தரப்பாருக்கும் ஒரே மருந்துகள்தான், ஓராண்டுக்கு. நெரிசலான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள். குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றியது. தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் தினமும் ரயில் ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பள்ளிப் பாடநூலில் பென்சிலினுக்குத் தரும் இடத்தில் பாதியாவது இதற்கும் தரலாமே.

- வாசகர், குரோம்பேட்டை