சிசேரியன் பிள்ளையும் பதினைந்து வயதுக் கோபமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளை எரிந்து விழுந்தாலோ, படிப்பில் மனம் நிற்காமல் அலைபாய்ந்தாலோ, ‘ஆபரேஷன் பண்ணி எடுத்த பிள்ளை, அதான் இப்படி’ என்று வீட்டில் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. சிசேரியன் குழந்தைகளுக்கு மனநலச் சிக்கல் அதிகம் என்று அவ்வப்போது வரும் செய்திகள் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுகின்றன. அந்த ஆய்வுகள் பொய்யல்ல. ஆனால் அவை சொல்வதில் பாதிதான் அச்சேறுகிறது.

61 ஆய்வுகளை, 2 கோடிக்கும் மேற்பட்ட பிரசவங்களை, ஒன்றாகத் தொகுத்து 2019-இல் வெளிவந்த கணக்கில், சிசேரியனில் பிறந்தவர்களிடம் ஆட்டிசம் சுமார் 33 சதவீதமும் கவனக்குறைவு-மிகைத்துடிப்புக் குறைபாடு (ஏ.டி.எச்.டி.) 17 சதவீதமும் கூடுதல். 33 சதவீதம் என்றதும், மூன்றில் ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். ஆயிரம் பிள்ளைகளில் 10 பேருக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொண்டால், அது 13 ஆகிறது. அவ்வளவுதான்.

கூடுதலாக வந்த அந்த 3 பேருக்கும் கத்திதான் காரணமா? சிசேரியன் யாருக்குச் செய்கிறோம் என்று பாருங்கள்: சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ உள்ள தாய், வயது கூடிய தாய், வயிற்றில் எடை ஏறாத குழந்தை, குறைமாதப் பிரசவம். இவை ஒவ்வொன்றுக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியோடு தனித் தொடர்பு உண்டு. இவற்றைப் பிரித்தெடுக்க நல்ல வழி, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிடுவது: ஒன்று சுகப்பிரசவம், இன்னொன்று சிசேரியன், மரபும் வளர்ப்பும் பெரும்பாலும் பொது. ஸ்வீடனில் 1982 முதல் 2010 வரை பிறந்த சுமார் 27 லட்சம் குழந்தைகளை வைத்து 2015-இல் வந்த ஆய்வு அப்படித்தான் செய்தது. எல்லோரையும் பொதுவாக ஒப்பிட்டபோது, திட்டமிட்ட சிசேரியனில் பிறந்தவர்களிடம் ஆட்டிசம் 21 சதவீதம் கூடுதல். உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டதும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இன்னொரு முடிச்சு உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. ஆக, சிசேரியன் பிள்ளைகள் என்று இங்கே ஒரு பட்டியல் எடுத்தால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பங்கு அதில் கூடுதலாக இருக்கும். டியூஷன், மதிப்பெண் நெருக்கடி, கையில் தனி போன் எல்லாம் கூடவே வரும். அவர்களிடம் பதற்றம் கூடுதலாகத் தெரிந்தால், நாம் அளந்தது பிரசவ முறையையா, வீட்டு வருமானத்தையா?

குடல் நுண்ணுயிர்கள் மனநிலையைப் பாதிக்கும் என்றும் நிறையப் பேசுகிறார்கள். சிசேரியன் குழந்தைகளுக்கு அவை தொடக்கத்தில் மாறுபட்டிருப்பது உண்மை. ஒரு வயதுக்குள் அந்த வேறுபாடு பெருமளவு குறைந்துவிடுகிறது. அதிலிருந்து பதினைந்து வயதுக் கோபம்வரை கோடு இழுப்பது அவசரம்.

கவலைப்பட வேண்டியது, கர்ப்பத்தின் எத்தனையாவது வாரத்தில் குழந்தை பிறந்தது என்பதைப் பற்றி. ஸ்காட்லாந்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான முடிவு: 40 வாரத்தில் பிறந்தவர்களைவிட 37 முதல் 39 வாரத்தில் பிறந்தவர்களுக்குப் படிப்பில் தனி உதவி தேவைப்படுவது சுமார் 16 சதவீதம் கூடுதல். கடைசி வாரங்களிலும் மூளை வேகமாக வளர்கிறது. நட்சத்திரம் பார்த்து 37-ஆம் வாரத்தில் நாள் குறித்துக்கொண்டு வரும் குடும்பங்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் 39 வாரம் நிறையும்முன் கத்தி வைக்கக் கூடாது. முன்கூட்டியே எடுத்தால், நுரையீரலில் நீர் வடியாமல் மூச்சு வாங்கி, குழந்தை இன்குபேட்டருக்குப் போகக்கூடும், தாய்ப்பாலும் தள்ளிப்போகக்கூடும். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில், தாயும் சேயும் நலமாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது, உடனே ஆபரேஷன் வேண்டும் என்னும்போது, ‘பின்னால் பிள்ளைக்குக் குணம் கெட்டுப்போகுமாமே’ என்று கையெழுத்துப் போடத் தயங்கினால், பிராணவாயு குறைந்து மூளை நிஜமாகவே பாதிக்கப்படலாம்.

பள்ளி மனநல ஆலோசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். படிவத்தில் ‘நார்மலா, சிசேரியனா’ என்று மட்டும் கேட்டால் பயனில்லை. எத்தனையாவது வாரம், வலி வருமுன் திட்டமிட்டதா, வலி கண்டபின் அவசரமாகச் செய்ததா, பிறப்பு எடை, பிறந்ததும் அழுததா, இன்குபேட்டரில் எத்தனை நாள் என்று கேளுங்கள். அம்மாவின் நினைவை நம்பாமல் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளை இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறது என்ற கேள்விக்கு அதே படிவத்தில் முதலிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
மகப்பேறு மருத்துவர், திருச்சி