களப்பணிக்கும் பயணப்படி தேவை

ஐயா,

முதுகலைச் சமூகப்பணி பயிலும் என் மகள், வாரத்தில் இரண்டு நாள் களப்பணிக்காக விடியற்காலைப் புறநகர்ப் பேருந்தில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்று, நோயாளிகளின் குடும்பத்தாரிடம் மணிக்கணக்கில் பேசிவிட்டு வந்து, களப்பணிக் குறிப்பேட்டை எழுதி முடிக்க இரவு பதினொன்றாகிவிடுகிறது. பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் எங்கள் கைச்செலவுதான். (மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்துகளோடு நின்றுவிடுகிறது.) 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, மனநலச் சமூகப்பணியாளராக இப்பட்டத்துக்குமேல் ஈராண்டு முழுநேர ஆய்வியல் நிறைஞர் (எம்.ஃபில்.) படிப்பையும் கேட்கிறது. பயிற்சி மருத்துவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் அரசு, அதே வார்டில் நிற்கும் இம்மாணவர்களுக்குப் பயணப்படியாவது வழங்க உயர்கல்வித் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
மதுரை மாவட்டம்.