ஸ்கலோனி அடித்த பந்து

அண்ணா,

வருகிற 13ஆம் திகதியோடு 20 வருடம். எதற்கு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வெஸ்ட் ஹாமும் லிவர்பூலும் ஆடிய 2006 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தையும் சொல்லத் தேவையில்லை. எங்கள் வெஸ்ட் ஹாமின் ஸ்கலோனி உள்ளே அனுப்பிய பந்து காரகரின் காலில் பட்டு லிவர்பூல் வலைக்குள் போனதும், ஏழு நிமிடத்தில் ஆஷ்டன் இரண்டாவது கோல் போட்டதும் நீங்கள் கதிரையில் இருக்கவேயில்லை. லிவர்பூலுக்கு சிஸே ஒன்று, ஜெரார்ட் ஒன்று என்று 2-2 ஆனபோது பேசாமல் குசினிக்குள் போனீர்கள். கொஞ்செஸ்கி இடப்பக்கத்திலிருந்து தூக்கிய பந்து லிவர்பூல் கோல்காப்பாளர் ரெய்னாவின் தலைக்கு மேலால் போய் விழுந்த நேரம் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றீர்கள். கிழக்கு லண்டன் பார்க்கிங் (Barking) ஊரில் பிறந்த பெடியன். ஈஸ்ட் ஹாமிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். "எங்கட பெடியன்ரா" என்று நீங்கள் கத்த, அரைக்கோப்பை தேத்தண்ணி கம்பளத்தில். 3-2.

எனக்கு எழுத வேண்டியிருப்பது அதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

90ஆவது நிமிடம் நெருங்க, நீங்கள் ரெலிபோன் கார்ட்டைச் சுரண்டி அம்மாவுக்கு எடுத்தீர்கள். உதைபந்தாட்டம் என்றால் என்னவென்றே தெரியாத அம்மாவுக்கு. 1980இல் புரூக்கிங் தலையால் அடித்த கோலில் ஆர்சனலை வென்ற பிறகு வெஸ்ட் ஹாமுக்குப் பெரிய கிண்ணமே இல்லை. அணியின் பழைய பயிற்சியாளர்களில் கிரீன்வூட் அந்த மாசியில் போய்ச் சேர்ந்தார், லயல் சித்திரையில் போனார். நீங்கள் 85இல் தனியாக வந்து இறங்கியதிலிருந்து ஒரு கிண்ணத்துக்காகக் காத்திருந்தவர். யாருக்காவது சொல்லவேண்டும் போல இருந்திருக்கும். "அம்மா, நாங்கள் வெல்லப்போறம்" என்றீர்கள். எனக்கு இன்றைக்கும் அந்தக் குரல் கேட்கிறது.

சிஸே விழுந்து கிடந்தான், பந்தை எங்கள் ஆட்கள் வெளியே அடித்தார்கள். லிவர்பூல் அதை மரியாதையாக ஸ்கலோனியிடம் திருப்பிக் கொடுத்தது. அவன் அவசரப்பட்டு அடித்தான், போன பந்து திரும்பி வந்தது. இன்னும் நாலு நிமிடம் என்று மைதானத்து ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருக்க, கால் பிடித்து நடக்கவே கஷ்டப்பட்ட ஜெரார்ட் முப்பத்தைந்து யார் தூரத்திலிருந்து அடித்தான். ஹிஸ்லொப் பாய்ந்தும் எட்டவில்லை.

நான் கத்தினேன். வீடு அதிரக் கத்தினேன். காலையில் அப்டன் பார்க் ஸ்ரேசனடியில் நீங்கள் வாங்கித் தந்த மவ்ளர் கழுத்தில் கிடக்க, உங்கள் நிறத்தைப் போட்டுக்கொண்டு, உங்கள் அணிக்கு விழுந்த கோலுக்கு நான் துள்ளினேன்.

அம்மா பயந்துபோனா. அந்த வருடம் ஊரில் சத்தம் கேட்டாலே பயப்படுகிற காலம். "தம்பி ஏன் கத்துறான், ஆருக்கு என்ன?" என்று அவ கேட்டது எனக்கே கேட்டது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "ஒண்டுமில்லையம்மா. தம்பி வெண்டிட்டான்."

அண்ணா, மன்னித்துக்கொள்ளுங்கள். இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் நான் ஏன் கத்தினேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லையே. 2005இல் விசாவுக்காகக் கொழும்பு லொட்ஜில் கிடந்த நாட்களில், ஒரு நடுச்சாமம், இஸ்தான்புல்லில் 3-0 என்று பின்னுக்கு நின்ற லிவர்பூல் எழும்பி ஐரோப்பியச் சாம்பியன் கிண்ணத்தை வென்றதை டீவியில் பார்த்தேன். அடுத்த நாள் தூதரகத்துக்குப் போக எனக்குக் கால் வந்தது. லண்டனுக்கு நான் கொண்டுவந்ததில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். படுத்த கட்டில் உங்களுடையது, போட்ட ஜக்கெற் உங்களுடையது, வேலை நீங்கள் சொல்லி எடுத்தது. எந்த அணியை விரும்புவது என்பதையும் நீங்களேதான் மவ்ளர் வாங்கித் தந்து முடிவு செய்தீர்கள். அதற்கு நன்றி சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்தது, அண்ணா. சோறு போட்டதற்காக ஒருவன் எத்தனை வருடம் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது?

பிறகு வந்த காசு விஷயத்தை இங்கே எழுதமாட்டேன். அண்ணியின் ஆட்களும் இதை வாசிப்பார்கள். பிள்ளைகளும் இப்போது தமிழ் வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். நான் கையெழுத்துப் போட்டது தெரியாமல் இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மிச்சம் உங்களுக்கும் எனக்கும்.

மேலதிக நேரத்தின் கடைசியில் ரியோ-கோக்கர் தலையால் தட்டியதை ரெய்னா விரல் நுனியால் கம்பத்தில் தள்ளினானே, திரும்பி வந்த பந்து நொண்டிக்கொண்டு நின்ற ஹேர்வூட்டின் காலுக்குப் போய் வெளியே போனதே, அப்போது நான் மனதுக்குள் "போகட்டும், உள்ளே போகட்டும்" என்றேன். உங்கள் முகத்தைப் பார்க்க ஏலாமல். இதை நீங்கள் நம்பவேண்டும் என்றில்லை. பெனால்டியில் ஸமோரா, கொஞ்செஸ்கி, ஃபெர்டினண்ட் மூன்று பேரையும் ரெய்னா தடுத்தபோது நான் வாயே திறக்கவில்லை. நீங்கள் கதிரையைவிட்டு எழும்பி, கொட்டின தேத்தண்ணியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். பார்க்கிங் பெடியன் அடித்ததைக்கூட நீங்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

2016இல் வெஸ்ட் ஹாமின் பழைய பொலின் மைதானத்தின் கடைசி ஆட்டத்தன்று நான் கிரீன் ஸ்ட்ரீட்டில் நின்றேன். நீங்கள் வருவீர்கள் என்றுதான். சனத்துக்குள் காணவில்லை. இப்போது அங்கே மாடிவீடுகள். 2022இல் ஆர்ஜென்ரீனாவின் பயிற்சியாளராக நின்று அதே ஸ்கலோனி உலகக் கிண்ணம் வென்ற இரவு, "உவன் அண்டைக்கு வெளியில அடிச்சிருந்தா?" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். அடுத்த வருடம் பிராகில் 90ஆவது நிமிடத்தில் போவன் கோல் போட்டு வெஸ்ட் ஹாம் ஐரோப்பிய கொன்பரன்ஸ் லீக் கிண்ணம் எடுத்தபோது தனியறையில் அழுதேன். உங்கள் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தேன். நீங்களும் எடுக்கவில்லைத்தானே.

அம்மாவின் அந்தியேட்டியன்று மண்டபத்தின் ஒரு மூலையில் நீங்கள், ஒரு மூலையில் நான். வந்தவர்கள் இரண்டு பக்கமும் போய்த் துக்கம் கேட்டார்கள். அது எங்களுக்கு வெட்கக்கேடு. அந்த ரெலிபோனில் சொன்னதை என்னென்று எடுப்பது என்று அம்மாவிடம் கேட்டு வைத்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. குத்திக்காட்டினீர்களா, அல்லது பயந்த மனுசிக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயில் வந்ததா? அவவுக்குத்தான் உங்கள் குரலின் வித்தியாசம் தெரிந்திருக்கும். எனக்கு 20 வருடமாகியும் தெரியவில்லை.

வருகிற சனிக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன். அண்ணியிடம் சொல்லிவையுங்கள், சாப்பாடு வேண்டாம், தேத்தண்ணி போதும். மவ்ளர் என்னிடம்தான் இருக்கிறது, பூச்சி அரிக்கவில்லை. குளிர் இல்லாவிட்டாலும் போட்டுக்கொண்டுதான் வருவேன். அந்தப் பந்தை ஸ்கலோனி வெளியே அடித்திருக்க வேண்டும் என்று நீங்கள் தொடங்குங்கள். நான் மறுத்துக் கதைப்பேன்.

தம்பி